அனாமத்துக் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு வாழ்க்கையில் இரண்டே பயங்கள்தான். ஒன்று, டேலி ஆகாத டிரையல் பேலன்ஸ். இரண்டாவது, சயன்ஸ் படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிற திண்ணை.

இந்தத் தடவை இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். இடம், மேல்சித்தாமூர்.

திண்டிவனம் - செஞ்சி பக்கம் போகிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருக்கும். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். பார்சுவநாதர் கோயில் கோபுரம் வயல்களுக்கு நடுவே தூரத்திலிருந்தே தெரியும். இன்னொரு கோயிலில் பெரிய பாறை ஒன்றிலேயே தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். என்னோடு பி.காம். படித்த நண்பனின் ஊர் இது. அவன் படிப்பில் எனக்குப் பக்கத்து பெஞ்ச்; பரீட்சையில் முன் பெஞ்ச். அந்த ஒரு வரிசை வித்தியாசத்தில்தான் நான் பாஸ் செய்தேன். அந்த நன்றிக்கு வருஷம் ஒரு தடவையாவது போய்விட்டு வருவேன்.

போனபோது நண்பன் வீட்டில் இல்லை. திண்ணையில் அவன் அப்பாவும் தங்கையும் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. விழுப்புரத்துக்காரர்கள் மன்னிக்கவும், மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொன்னேன்.) தங்கை கிண்டியில் மெட்ராஸ் யுனிவர்சிட்டி வளாகத்தில் உயிர் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. லீவுக்கு வந்திருந்தாள்.

"வாங்கண்ணே. உங்களுக்கு புரோட்டீன் பத்தி ஏதாவது தெரியுமா?"

"தெரியுமே. எங்க தெருப் பசங்க ஜிம்முக்குப் போறேன்னு டப்பா டப்பாவா வாங்கறாங்க. ரெண்டு மாசத்துல டப்பா காலியாகுது. ஜிம் மட்டும் அங்கேயே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி மாணவிகள் லேசில் சிரிப்பதில்லை.

"அது இல்லண்ணே. உருவமே இல்லாத புரோட்டீன் இருக்கு, தெரியுமா? அதுதான் என் சப்ஜெக்ட்."

உருவமே இல்லாத ஒன்றைப் பற்றி ஐந்து வருஷம் ஆராய்ச்சி! இதற்கு ஸ்டைபண்டும் தருகிறார்களாம். நான் தப்பான டிகிரி வாங்கிவிட்டேன் என்று அப்போதே சந்தேகம் வந்தது.

இனிமேல் அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன். தப்பு இருந்தால் என்னுடையது.

புரோட்டீன் என்பது ஒரு நீளமான சங்கிலி. அமினோ அமிலம் என்கிற மணிகளைக் கோத்தது. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு இடத்தில் திருகிக்கொள்ள வசதி உண்டு. அப்படித் திருகித் திருகிச் சங்கிலி மடிந்து ஒரு உருவத்துக்கு வருகிறது. அதுதான் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்கிறது, சோற்றைச் செரிக்கிறது, நம்மை நிற்க வைக்கிறது.

எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருகிக்கொள்ளலாமா? முடியாது. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முழங்கையை எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பக்கத்துச் சீட்டு மீசைக்காரர் விலா எலும்பு ஒப்புக்கொள்ள வேண்டுமே! அணுக்களும் அப்படித்தான். ரொம்பக் கிட்டே வந்தால் இடித்துக்கொள்ளும். எந்தெந்தக் கோணங்கள் நடக்கும், எவை நடக்காது என்று 1963-ல் ஒரு படம் போட்டு உலகத்துக்குக் கொடுத்தவர்கள் கிண்டியிலிருந்த மூன்று பேர். ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன்.

இந்த ராமச்சந்திரன் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கிரிக்கெட்டர்களின் ஆவரேஜ் எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற நமக்கு இவரைத் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். ஸர் சி.வி.ராமனின் சிஷ்யர். மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் பௌதிகத்துக்கு ஆள் தேடிய துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார், ராமனைக் கேட்க, ராமன் இவரைக் கைகாட்டினார். 1952-ல் துறைத் தலைவராக வந்து உட்கார்ந்தபோது வயது முப்பதுகூட முடியவில்லை. (நான் முப்பது வயதில் அலவன்ஸ் அரியருக்கு அலைந்துகொண்டிருந்தேன்.) லண்டனிலிருந்து பெர்னால் என்ற பெரிய விஞ்ஞானி மெட்ராஸுக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் என்பது நம் தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கிற புரோட்டீன். தோல் என்றால் அடையாறில்தான் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே! அங்கிருந்து சாம்பிள் வந்தது. என்ன சாம்பிள்? கங்காரு வால் நரம்பு! கிண்டியில் மான் உண்டு, நரி உண்டு. கங்காரு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் விடையைச் சொன்னார்கள். கொலாஜன் மூன்று புரி!

"தாம்புக் கயிறு முறுக்கற மாதிரிதான?" என்றார் அப்பா, மல்லாட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதேதான்ப்பா."

மூன்று புரியும் நடுவில் நெருக்கிக்கொண்டு வருகிற இடத்தில் பெரிய ஆசாமிக்கு இடமில்லை. அதனால் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே ஒல்லிப் பிச்சான் அது. மூன்று பேர் சீட்டில் நடுவே ஒரு ஒல்லி ஆள் இருந்தால் மற்ற இருவருக்கும் எவ்வளவு சுகம், யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷமே டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும் குறை சொன்னார்கள். மூன்று புரி சரி, ஆனால் நீங்கள் சொல்கிற அமைப்பில் சில அணுக்கள் ரொம்பக் கிட்டே வந்து இடிக்கின்றனவே என்றார்கள். நாமாக இருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிச் சண்டை போட்டிருப்போம். ராமச்சந்திரன், 'ரொம்பக் கிட்டே' என்றால் எவ்வளவு கிட்டே என்று கேட்டார். அதுவரை வெளிவந்த படிகங்களின் அளவுகளையெல்லாம் தேடி எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு நெருக்கத்தில் வரலாம் என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலிலிருந்து பிறந்ததுதான் 1963 படம். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒரு புரோட்டீனின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், ராமச்சந்திரன் படத்தில் வைத்துத்தான் சரி பார்க்கிறார்கள். புரோட்டீன்களுக்கென்று ஒரு சர்வதேசக் கஜானா இருக்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கு மேல் அமைப்புகள். அத்தனைக்கும் ஆடிட்டர் கிண்டிக்காரர்!

'ஆடிட்டர்' என்ற வார்த்தை வந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அப்ப உருவமில்லாத புரோட்டீன் எங்கிருந்து வந்தது?" என்றேன்.

"அது எப்பவும் இருந்ததுண்ணே. யாரும் கணக்குல எடுத்துக்கலை."

விஷயம் இதுதான். 1894-ல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானியர், என்சைம்களுக்குப் பூட்டு-சாவி உவமை சொன்னார். உருவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே முறைக்குப் புரோட்டீன் படிகமாக வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிற பகுதி படத்தில் விழாது. அந்த இடத்தில் வெற்றிடம்தான் வரும். 'இங்கே கொஞ்சம் காணோம்' என்று குறிப்புப் போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "அனாமத்துக் கணக்கு!" என்று கத்தினேன்.

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக: டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துவராமல் 432 ரூபாய் உதைத்தால், அதை அப்போதைக்கு அனாமத்துக் கணக்கில் போட்டு மூடிவிடலாம். பிறகு சாவகாசமாகத் தேடலாம். பெரும்பாலும் தேட மாட்டோம். பிறகு ஒருநாள் தேடும்போதுதான் தெரியும், முழு வண்டவாளமும் அதற்குள்தான் இருக்கிறது என்று.

அங்கேயும் அதே கதை. அனாமத்தில் ஒன்றிரண்டு இருந்தால் சரி. சேர்ந்துகொண்டே போனது. 1999-ல் அமெரிக்காவில் பீட்டர் ரைட், ஜேன் டைசன் என்ற இருவர், பூட்டு-சாவிக் கணக்கை மறுபடி பாருங்கள், உருவமில்லாமலேயே வேலை செய்கிற புரோட்டீன்கள் இருக்கின்றன என்று எழுதினார்கள். இன்றைய மதிப்பீட்டில் மனித உடம்பிலுள்ள புரோட்டீன்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் இப்படிப்பட்ட நீளமான ஒழுங்கற்ற பகுதிகள் உண்டாம். கம்ப்யூட்டரை வைத்துப் புரோட்டீன் அமைப்பைக் கணித்ததற்காக 2024-ல் கெமிஸ்ட்ரி நோபல் பரிசு கொடுத்தார்களே, அந்த ஆல்ஃபாஃபோல்டுகூட இந்த இடம் வந்தால் இடியாப்பத்தைப் பிழிந்து வைத்துவிடுகிறது.

"உருவம் இல்லாம எப்படிம்மா வேலை செய்யும்?"

"உங்க ஆபீஸ்ல தனக்குன்னு நாற்காலி இல்லாத ஆளு யாருண்ணே?"

அட்டெண்டர்! அவர் இல்லாத அன்றைக்குத்தான் ஆபீஸ் நின்று போகும். மேனேஜரிடம் ஒரு முகம், கேஷியரிடம் ஒரு முகம், டீக்கடையில் இன்னொரு முகம். புற்றுநோயைத் தடுக்கிற பி-53 என்ற புரோட்டீனின் இரண்டு முனைகளும் இப்படித்தானாம். ஆளுக்குத் தகுந்த மாதிரி வளைந்துகொடுத்துப் பல பேருடன் கை குலுக்கும்.

இவை ஆர்.என்.ஏ.வோடு கூட்டுச் சேர்ந்தால் இன்னொரு வேடிக்கை. ரசத்தின் மேலே எண்ணெய்த் துளிகள் மிதக்குமே, ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்து பெரிதாகுமே, அந்த மாதிரி செல்லுக்குள் துளித்துளியாகத் திரளும். 2009-ல் பிராங்வினும் ஹைமனும் ஒரு புழுவின் கருவில் இதைப் பார்த்துச் சொன்னார்கள். சில புரோட்டீன்களில் ஆர்.என்.ஏ. கொஞ்சம் சேர்த்தால் துளி பிறக்கிறது. இன்னும் சேர்த்தால் கரைந்தே போகிறது. வேலை முடிந்ததும் கலைந்துபோகிற மீட்டிங். நம் ஆபீஸ் மீட்டிங்குகள் இந்த அளவுக்குக்கூட முன்னேறவில்லை.

"சரி, அந்தத் துளி கலையாம இறுகிட்டா?" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவள் பதில் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா மல்லாட்டையை வைத்துவிட்டு, வலது கையை மடியில் வைத்திருந்தார். கை ஆடிக்கொண்டிருந்தது. கட்டை விரலும் சுட்டு விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி.

பார்க்கின்சன்.

ஆல்ஃபா சைனூக்ளீன் என்று ஒரு புரோட்டீன். 140 மணிகள்தான். தனியாக இருக்கும்போது உருவமே கிடையாது. மூளையில் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உங்களுக்கும்கூட. இத்தாலியில் கான்டூர்சி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பரம்பரையாகப் பார்க்கின்சன் வந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் இந்தப் புரோட்டீனின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம், நோயாளிகளின் மூளையில் கட்டி கட்டியாக இருப்பதும் இதுதான் என்று தெரிந்தது. அது எப்படிக் கட்டியாகிறது என்பதில் ஒரு வழியைப் பம்பாய் ஐ.ஐ.டி.யில் சமீர் மாஜியின் குழு 2020-ல் காட்டியது. முதலில் துளி, பிறகு ஜெல்லி, கடைசியில் நார்.

"கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சறீங்க. பதம் இருக்கும்போதே புடிச்சாத்தான் உருண்டை. விட்டுட்டா கல்லு. அந்த மாதிரிண்ணே" என்றாள்.

மூளையில் டோபமின் சுரக்கிற செல்களில் பாதிபோல அழிந்த பிறகுதான் கை ஆடவே ஆரம்பிக்குமாம். அதற்கு முன்பே சின்னச் சின்ன அறிகுறிகள் வரலாம். அதில் ஒன்று, கையெழுத்து சிறுத்துப் போவது.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பல வருஷமாக விவசாயக் கணக்கு நோட்டு எழுதுகிறவர். உரம் இவ்வளவு, கூலி இவ்வளவு, மல்லாட்டை மூட்டை இவ்வளவு. ஆறேழு வருஷத்துக்கு முன் ஒரு தடவை போயிருந்தபோது நோட்டைப் புரட்டினேன். வரியின் ஆரம்பத்தில் எழுத்து பெரிதாக இருக்கும். போகப் போகச் சின்னதாகி, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி. "என்னப்பா, பேப்பர் விலை ஏறிடுச்சுன்னு இவ்ளோ சிக்கனமா?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும்தான் சிரித்தார். என் ஜோக்குக்கு இதுவரை கிடைத்த நல்ல வரவேற்புகளில் அதுவும் ஒன்று. டாக்டரிடம் போனது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கை ஆட ஆரம்பித்த பிறகுதான். கணக்குப் படித்த இரண்டு பேர் அந்த நோட்டைக் கையில் வைத்திருந்தோம். எண்களைத்தான் பார்த்தோம்.

சொன்னேன். "முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தாலும் நோயை நிறுத்த மருந்து இல்லண்ணே" என்றாள். ஆறுதலா, தகவலா, தெரியவில்லை.

இருக்கிற மருந்து லெவோடோபா. மூளையில் போய் டோபமினாக மாறும். குறைகிறதை ஈடுகட்டும், அவ்வளவுதான். நம் பூனைக்காலி விதையில் இது இருக்கிறது. 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். "அதுக்காக விதையை அரைச்சுக் குடிச்சிடாதீங்க, அளவு தப்பினா ஆபத்து, இதையும் எழுதுங்க" என்று மிரட்டினாள். எழுதிவிட்டேன்.

இந்த மாத்திரைக்கும் சாப்பாட்டிலுள்ள புரோட்டீனுக்கும் ஆகாது. இரண்டும் உடம்புக்குள் ஒரே வாசலில் முண்டியடிக்கும். அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். அது சமண வழக்கம். ஐந்தே முக்காலுக்குச் சாப்பாடு என்றால் நாலே முக்காலுக்கு மாத்திரை. அம்மா உள்ளிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தபோது மணி சரியாக நாலு நாற்பத்தைந்து. ரேடியோ நேரம் மாதிரி.

ராமச்சந்திரன் கதையின் மிச்சத்தை அவள் அப்போதுதான் சொன்னாள். 1970-வாக்கில் பெங்களூர் போய் அங்கேயும் ஒரு துறையை உருவாக்கினார். கடைசிக் காலத்தில் பக்கவாதம், அதோடு பார்க்கின்சன். 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். புரோட்டீன் எப்படியெல்லாம் மடங்கலாம் என்று படம் போட்டவரின் கையை, மடங்காத புரோட்டீன் ஒன்று ஆட்டி வைத்தது.

அவர் 1980-களின் தொடக்கத்தில் புரோட்டீனை விட்டுவிட்டுத் தர்க்க சாஸ்திரத்தில் இறங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்யாத் நியாயம்'. சமணத்தின் ஸ்யாத்வாதத்தைக் கணிதமாக எழுதிப் பார்த்தார். ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்கள் மட்டும் போதாது என்பது ஸ்யாத்வாதம்.

"மடத்துல சொல்வாங்க தம்பி" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு வகையில உண்டு. ஒரு வகையில இல்லை. ஒரு வகையில உண்டும் இல்லையும். ஒரு வகையில சொல்ல முடியாது. அப்படியே ஏழு."

"உங்க பொண்ணு புரோட்டீன் மாதிரியே இருக்கேப்பா."

"என் கையும் அப்படித்தான். பாருங்க." மடியில் ஆடிக்கொண்டிருந்த கையை நீட்டி ஒரு மல்லாட்டையை எடுத்தார். எடுத்த நிமிஷம் ஆட்டம் நின்றது. பட்டென்று உடைத்தார். முழுசாக இரண்டு பருப்பு, தோல் உரியாமல், விதைக்கு ஆகிற மாதிரி. கையை மறுபடி மடியில் வைத்தார். ஆட ஆரம்பித்தது. "ஒரு வகையில ஆடுது. ஒரு வகையில ஆடல."

சும்மா இருக்கும்போது ஆடி, வேலை செய்யும்போது அடங்குவதுதான் இந்த நடுக்கத்தின் லட்சணமாம். அதனால்தான் காலையிலிருந்து சாயங்காலம்வரை மல்லாட்டை உடைக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து மகளிடம் கேட்டார். "இன்னாம்மா, உன் படிப்பு முடியறதுக்குள்ள இதுக்கு ஒரு மருந்து வருமா?"

நான் செருப்பைப் பார்த்தேன். நானாக இருந்தால் "கண்டிப்பாப்பா" என்றிருப்பேன்.

"வராதுப்பா" என்றாள். "நான் கம்ப்யூட்டர்ல அந்தச் சங்கிலி எப்படி ஆடுதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன். மருந்தோட சாவி போய் உட்கார அதுல பூட்டே கிடையாது. அதான் கஷ்டம். நிறைய பேரு செய்யறாங்க. வரும். ஆனா நான் முடிக்கறதுக்குள்ள வராது."

அப்பா தலையை ஆட்டினார். இன்னொரு மல்லாட்டையை எடுத்தார். "பொய் சொல்லாம சொன்னியே" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

கிளம்பும்போது பை நிறைய மல்லாட்டை கொடுத்தார்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா நோட்டை எடுத்தார். பழைய நீளக் கணக்கு நோட்டு இல்லை. ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகள் இங்கிலீஷ் எழுதுகிற நாலு கோடு நோட்டு. கோடு இருந்தால் எழுத்து அவ்வளவாகச் சிறுத்துப் போகாது என்று மகள் வாங்கிக் கொடுத்தாளாம். மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட்டுத் தொட்டு நிதானமாக எழுதினார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.

'மல்லாட்டை - 2 கிலோ - தம்பிக்கு.' ஒவ்வொரு எழுத்தும் நாவல்பழம் அளவு.

"எந்தக் கணக்குலப்பா எழுதினீங்க?"

"அனாமத்துலதான்" என்றார்.